பொள்ளினால் முதலில் எது: குழாய்த் தண்ணீரா, ஜெல் டிரெஸ்ஸிங்கா?

கஞ்சி வடிக்கும்போது பானை சரிந்து காலில் கொட்டிவிட்டது என்றால் குமரி மாவட்டத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். தேங்காயெண்ணெய், இட்லி மாவு, பேனா மை, பற்பசை, மஞ்சள் களிம்பு, ஐஸ் என்று போகும் அந்த வரிசையில் இப்போது அலுமினிய உறையில் வரும், ஜெல்லில் ஊறிய காயக் கட்டான ஜெல் டிரெஸ்ஸிங்கும் சேர்ந்திருக்கிறது. பர்ன்ஷீல்ட், வாட்டர்-ஜெல் போன்ற பெயர்களில் வருகிற இதை வீட்டுக்கு வாங்கலாமா, கடைக்கு வாங்கலாமா, படகில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் கிடையாது. பொள்ளுகிற இடத்திலிருந்து நல்ல தண்ணீர் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் தண்ணீர். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள் என்பதுதான் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் தீக்காய மருத்துவர்கள் வகுத்த முறை. பொள்ளியது முதல் 3 மணி நேரத்துக்குள் இதைச் செய்தால் பலன் உண்டு. அரை மணி நேரம் பதற்றத்தில் கழிந்துவிட்டது, இனி என்ன என்று விட்டுவிடத் தேவையில்லை, அப்போதும் குழாயடிக்குப் போகலாம். அடுப்பை விட்டு விலகிய பிறகும் தோலுக்குள் போன சூடு உடனே போய்விடுவதில்லை. 44 டிகிரிக்கு மேலே சூடு நிற்கும் வரை தோலின் செல்கள் செத்துக்கொண்டே இருக்கும். வலி குறைப்பது அடுத்த வேலை. சூடு ஆழமாக இறங்காமல் நிறுத்துவதுதான் முதல் வேலை.

20 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம். மூன்றாவது நிமிடத்தில் வலி அடங்கும், ஐந்தாவது நிமிடத்தில் "போதும்" என்று காலை எடுத்துவிடுவார்கள். கடிகாரத்தைப் பார்த்தே ஆக வேண்டும். குழாயை முழு வேகத்தில் திறக்க வேண்டாம், தோல் உரியும். நிமிடத்துக்கு 3 லிட்டர் மெதுவாக ஒழுகினால் 20 நிமிடத்துக்கு 60 லிட்டர், அதாவது 15 லிட்டர் வாளியில் நான்கு. குழாய் இல்லாத இடத்தில் நான்கு வாளி நிரப்பி வைத்து, சிறு குவளையால் விடாமல் ஊற்றினாலும் அதே பலன்தான். ஒரே பாத்திரத்துத் தண்ணீரில் காலை முக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் அந்தத் தண்ணீரே சூடாகிவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. பங்குனி, சித்திரை மதியத்தில் மொட்டை மாடியிலுள்ள கறுப்புத் தொட்டியிலிருந்து வருவது தண்ணீரா வெந்நீரா என்று கேட்கத் தோன்றும். வெயிலில் கிடக்கும் பைப்பில் நிற்கும் முதல் தண்ணீர் இன்னும் மோசம். அதை ஒரு நிமிடம் வெளியே ஓடவிட்டு, உங்கள் கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுக் காயத்துக்குக் காட்டுங்கள். கிணறு இருந்தால் கிணற்றுத் தண்ணீர்தான் நல்லது. குளிர்விக்க 15 டிகிரி உத்தமம் என்பார்கள். நம் கிணறு 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது என்றாலும், 44-க்கு 16 டிகிரி கீழே இருப்பதால் வேலை செய்யும். இன்னும் குளிர வேண்டுமென்றால் 12 லிட்டர் தண்ணீரில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 3 லிட்டர் தண்ணீரைக் கலந்தால் 30 டிகிரி 25-க்கு வந்துவிடும். ஆனால் ஐஸ் கட்டியை நேராகத் தோலில் வைக்கக் கூடாது. ரத்தக் குழாய்கள் சுருங்கி, பிழைக்க இருந்த தோலும் ரத்தம் கிடைக்காமல் செத்துப்போகும்.

தண்ணீரை ஊற்றிக்கொண்டே செய்ய வேண்டியவை சில உண்டு. கஞ்சியிலும் எண்ணெயிலும் நனைந்த துணி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், அதைக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய நைலான், பாலியெஸ்டரைப் பிய்க்காமல் சுற்றிலும் வெட்டுங்கள். மோதிரம், வளையல், கொலுசு, குழந்தையானால் அரைஞாண் எல்லாம் அந்த நேரத்திலேயே கழன்றுவிட வேண்டும். அரை மணி நேரத்தில் வீக்கம் வந்துவிட்டால் பிறகு வெட்டித்தான் எடுக்க முடியும். கருப்பட்டிப் பாகு பட்டிருந்தால் அதைச் சுரண்ட வேண்டாம். அது தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், தண்ணீர் பட்டால் முதலில் இறுகும், பிறகு கரையும்.

இனி ஜெல் டிரெஸ்ஸிங்குக்கு வருவோம். பஞ்சு போன்ற நுரைத் தாளிலோ துணியிலோ ஜெல்லை ஊற வைத்து, கிருமி நீக்கி, உறையில் அடைத்திருப்பார்கள். ஜெல்லில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். பல வகைகளில் டீ ட்ரீ எண்ணெயும் (தேயிலையல்ல, வேறொரு மரத்தின் இலை எண்ணெய்) சேர்ந்திருக்கும், உறையைப் பிரித்ததும் வருகிற மருந்து வாசனை அதுதான். காற்றுப் படாமல் மூடுவதால் எரிச்சல் சட்டென்று அடங்கும். காயத்தில் ஒட்டாது, ஆஸ்பத்திரியில் எடுக்கும்போது தோலோடு வராது. இவ்வளவும் உண்மையான நன்மைகள்.

குளிர்விக்கும் கணக்கில்தான் இது பின்தங்குகிறது. 10 சென்டிமீட்டர் சதுரத் துண்டில் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு ஜெல் இருந்தால் மொத்தம் 30 மில்லிதான். குழாயடியில் 60 லிட்டர் செய்யும் வேலையை இது செய்ய வேண்டும். சூட்டை வாங்கி வாங்கி ஜெல்லே வெதுவெதுப்பாகிவிடும். அதற்குப் பிறகு அது குளிர்விப்பது ஜெல்லில் உள்ள நீர் ஆவியாவதால்தான். இந்த ஆவியாதல் சாதாரணமானதல்ல. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது எடுக்கிற வெப்பம், 30 கிராம் ஜெல்லும் 28-லிருந்து 40 டிகிரிக்கு ஏறும்போது வாங்குகிற மொத்த வெப்பத்தைவிட அதிகம். ஆகவே டிரெஸ்ஸிங்குக்கு மேலே பாலிதீன் கவரைச் சுற்றிக் கட்டினால் அதன் பாதி பலத்தைப் பிடுங்கிவிட்டீர்கள். கடலோரத்து ஈரக் காற்றில் ஆவியாதலே மெதுவாகத்தான் நடக்கும் என்பதால் குளச்சலிலோ முட்டத்திலோ ஆனி, ஆடி மாதங்களில் போட்ட டிரெஸ்ஸிங் ஃபேன் காற்றில் இருந்தால்தான் ஒழுங்காகக் குளிரும்.

எனவே தண்ணீரும் ஜெல்லும் சமமான போட்டியாளர்கள் அல்ல. தண்ணீர் கிடைக்காத இடத்தில் ஜெல் மாற்று, தண்ணீர் காட்டிய பிறகு வழியில் மூடிக்கொண்டு போக ஜெல் துணை. குழாயைத் தாண்டி ஓடிப்போய் அலமாரியில் டிரெஸ்ஸிங் தேடுவதுதான் தவறு.

போடும் முறையில் தவறு நடக்க வாய்ப்பு அதிகம். கொதிக்கும் எண்ணெய் தெறித்த முன்கையை எடுத்துக்கொள்வோம். உறையை அதன் வெட்டுக் குறியில் கிழித்து, துண்டை மடிப்பு நீக்கி, காயத்தின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு விரல் அகலம் வரும்படி விரியுங்கள். உறைக்குள் மிஞ்சிய ஜெல்லைப் பிழிந்து துண்டின் மேலேயே தடவுங்கள், அதுவும் குளிர்விக்கும். அதன்மேல் காஸ் என்ற மெல்லிய வலைத்துணி ரோலைத் தளர்வாகச் சுற்றுங்கள். இறுக்கினால் வீக்கம் வந்து ரத்த ஓட்டம் தடைபடும். கட்டிய பிறகு அந்தக் கை விரல் நகத்தை அழுத்தி விட்டுப் பாருங்கள், 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். பத்து நிமிடம் கழித்து மேலே புறங்கையை வைத்துப் பார்க்கும்போது டிரெஸ்ஸிங் சூடாக இருந்தால் ஜெல் தன் பங்கை முடித்துவிட்டது என்று பொருள். புதியது போடுங்கள், அல்லது அதற்குள் தண்ணீர் கிடைத்திருந்தால் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குப் போங்கள்.

சிலருக்கு இது ஆகாது. கைக்குழந்தைகளுக்கு டீ ட்ரீ எண்ணெய் கலந்த ஜெல் வேண்டாம். அந்த எண்ணெய் சிலருக்கு ஒவ்வாமையும் தரும். கண்ணுக்கு மேல் போடவே கூடாது. காயம் பெரிதாக இருந்தால் இன்னொரு ஆபத்து, உடம்பே குளிர்ந்துபோவது. காயம்பட்டவரின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கை அவர் உடம்பில் சுமார் 1 சதவீதம். குழந்தைக்கு அப்படிப் பத்து உள்ளங்கை அளவு பொள்ளியிருந்தால், பெரிய ஜெல் விரிப்பைப் போர்த்தி ஏசி காரில் ஏற்றுவது உதவியல்ல. குழந்தை நடுங்க ஆரம்பித்துவிட்டால் குளிர்விப்பதை நிறுத்திவிடுங்கள். காயத்தை மட்டும் குளிரவிட்டு மற்ற உடம்பைப் போர்வையால் மூடுவதுதான் முறை.

மற்ற வைத்தியங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தேங்காயெண்ணெய் நம் ஊரின் எல்லா நோய்க்கும் மருந்து, ஆனால் சூடு உள்ளே இருக்கும்போது தடவினால் சூட்டை மூடி வைக்கும். மாவு காய்ந்து ஒட்டிக்கொள்ளும், அதை ஆஸ்பத்திரியில் தேய்த்துக் கழுவும்போது படும் வலி பொள்ளலைவிடப் பெரிது. பேனா மையும் மஞ்சள் களிம்பும் காயத்தின் நிறத்தை மறைத்துவிடும், ஆழத்தை மருத்துவர் கணிப்பதே நிறத்தை வைத்துத்தான். பர்னால் மாதிரிக் களிம்புகள் கிருமியைத் தடுப்பவை, சூட்டை எடுப்பவை அல்ல. சில்வர் சல்பாடயசின் என்ற வெள்ளைக் களிம்பு நல்ல மருந்து, ஆனால் மருத்துவர் பார்த்த பிறகு போட வேண்டியது. முன்கூட்டியே பூசினால் வெள்ளைப் படலம் படிந்து காயம் தெரியாது. சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதவர்களுக்கும் பிறந்த குழந்தைக்கும் அது கூடாது. கொப்புளத்தைக் குத்த வேண்டாம், அதைவிட நல்ல மூடி கடையில் கிடைக்காது.

குளிர்வித்த பிறகு எதால் மூடுவது என்பதிலும் தேர்வு உண்டு. இதில் ஜெல் டிரெஸ்ஸிங்குக்குச் சரியான போட்டி, சாப்பாடு பொதியும் மெல்லிய பிளாஸ்டிக் தாளான கிளிங் ஃபிலிம். ரோலின் முதல் ஒரு சுற்றைக் கிழித்தெறிந்துவிட்டு, அடுத்து வருவதைத் துண்டு துண்டாகக் காயத்தின்மேல் பரப்பிவிட வேண்டும். கையைச் சுற்றி இழுத்துக் கட்டக் கூடாது, வீங்கும்போது அது கயிறு மாதிரி இறுக்கும். ஒட்டாது, மருத்துவர் மூடியபடியே காயத்தைப் பார்க்கலாம், ஒரு ரோல் வருடக்கணக்கில் வரும். முகத்துக்கும் அமிலக் காயத்துக்கும் மட்டும் இது வேண்டாம். வீட்டுக்கு வாங்க ஒன்றைச் சொல் என்றால் நாங்கள் இதைத்தான் சொல்வோம். ஃபிலிம் இல்லையென்றால் துவைத்துக் காயவைத்த பழைய பருத்தி வேட்டி போதும், ஈரமாக்கிப் போட்டால் ஒட்டாது.

வாழையிலை என்று சிலர் கேட்பார்கள். கேள்வி வேடிக்கையானதல்ல. மும்பையில் நீராவியில் கிருமி நீக்கிய வாழையிலையைத் தீக்காயப் பிரிவில் மருத்துவர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள், ஒட்டாமல் வழுவழுவென்று எடுக்க வருவதுதான் அதன் பெருமை. அந்த இலை ஆஸ்பத்திரியில் தயாரித்தது. புறக்கடை மட்டி வாழையில் இப்போது அறுத்த இலையில் மண்ணும் பூச்சியும் பறவை எச்சமும் இருக்கும், இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

இனி இடத்துக்கு இடம் முடிவு எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். வீட்டு அடுக்களைக்கு ஜெல் டிரெஸ்ஸிங் அவசியமில்லை, பத்தடியில் குழாய் இருக்கிறது. நேந்திரன் சிப்ஸ் வறுக்கும் கடைகளிலும் பேக்கரிகளிலும் குழாய் இருக்கும், ஆனால் அதன் அடியில் அண்டாவும் சட்டியும் குவிந்திருக்கும். அந்த இடத்தைக் காலியாக வைப்பதற்குச் செலவே இல்லை. கல்யாண ஆக்குப்புரை வேறு கதை. தென்னந்தோப்பில் பந்தல் போட்டு, டேங்கர் தண்ணீரை நம்பிச் சமைக்கும்போது அந்தத் தண்ணீரும் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். சமையல் குழுவினர் ஜெல் டிரெஸ்ஸிங்கில் 10 சென்டிமீட்டரில் இரண்டும் 20 சென்டிமீட்டரில் ஒன்றும் கூடக் கொண்டுபோவது சரியான செலவு. அதோடு நான்கு வாளித் தண்ணீரை மூடி, சமையலுக்கு எடுக்கக் கூடாது என்று சொல்லி வைப்பது அதைவிடச் சரி.

பைக் சைலன்சர் சூடு சிறிய காயம் என்று தோன்றும். கெண்டைக்காலின் உள்பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு இருக்கும், ஆனால் உலோகம் அழுத்திச் சுட்டதால் ஆழம் அதிகம், ஆற வாரக்கணக்கில் ஆகும். 3.5 கிராம் ஜெல் பாக்கெட்டைத் தடவிவிட்டுப் பயணத்தைத் தொடர்வது போதாது. சாலையோரத்து எந்த வீட்டிலும் தண்ணீர் தருவார்கள், இருபது நிமிடம் நின்று போகலாம்.

மலையோரத் தோட்டங்களில் முடிவு இரண்டாகப் பிரியும். ரப்பர் பால் உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றும் இடத்தில் ஜெல்லைத் தொடவே கூடாது. அமிலத்தைத் தோலோடு சேர்த்து மூடி வைத்தது போலாகும். அங்கே தண்ணீர் மட்டும்தான், அதுவும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை, நனைந்த உடுப்பை உடனே உரிந்துபோட்டு. அமிலக் கேன் வைத்திருக்கும் கொட்டகையில் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு எப்போதும் நிறைந்திருக்க வேண்டும், ஓடும் தண்ணீருக்குப் போய்ச் சேரும் வரை அவைதான் துணை. முந்திரித் தொழிற்கூடத்தில் கொட்டையின் தோட்டு எண்ணெய் பட்டாலும் அது ரசாயனக் காயம்தான், தீக்காயமல்ல. எண்ணெய் என்பதால் வெறும் தண்ணீரில் போகாது, சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். ஆனால் அதே தோட்டத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூண்டின் நெருப்போ கஞ்சிப் பானையோ சுட்டுவிட்டால், தண்ணீர் காட்டிய பிறகு ஜெல் டிரெஸ்ஸிங் மதிப்புப் பெறுகிறது. பேச்சிப்பாறைக்கு மேலே இருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேரும் நீண்ட நேரத்தில் வலியைத் தாங்க வைப்பது அதுதான்.

ஜெல் டிரெஸ்ஸிங் தன் விலைக்கு முழு மதிப்புத் தருகிற இடம் ஆழ்கடல். தூத்தூர், சின்னத்துறை பக்கத்து விசைப்படகுகள் வாரக்கணக்கில் கடலில் கிடக்கும். நன்னீரை அளந்து குடிக்கிற இடத்தில் காயத்துக்கு 60 லிட்டர் யாரும் ஊற்ற மாட்டார்கள். என்ஜின் அறைப் புகைக்குழாய் சுட்டாலும் அடுப்பு சரிந்து கொட்டினாலும் கரைக்கு வர நாட்கள் ஆகலாம். முதலில் கடல் நீரையே வாளியில் மொண்டு ஊற்றுங்கள், கப்பல்களுக்கான மருத்துவக் கையேடுகளும் அதை ஏற்கின்றன. துறைமுகத்து எண்ணெய் கலந்த தண்ணீர் மட்டும் வேண்டாம். 20 நிமிடம் முடிந்ததும் ஒரு லிட்டர் நன்னீரால் உப்பைக் கழுவி, பிறகு ஜெல் டிரெஸ்ஸிங் போட்டுவிட்டு, வயர்லெஸ்ஸில் கரைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

எதைப் போட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே தீர வேண்டிய காயங்கள் உண்டு. உள்ளங்கையைவிடப் பெரியது, முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பில் உள்ளது, கை காலைச் சுற்றி வளைத்தது, வெளுத்தோ தோல் பதனிட்டதுபோல் தடித்தோ வலியே இல்லாமல் இருப்பது, கரண்ட் அடித்தது, அமிலம் பட்டது, புகையை மூச்சில் இழுத்தது. குழந்தைக்கும் முதியவருக்கும் சிறியதானாலும் காட்டுங்கள். வலி இல்லை என்பது நல்ல செய்தியல்ல, நரம்பு வரை வெந்துவிட்டதன் அடையாளம். 108-ஐ அழைத்துவிட்டுத் தண்ணீரைத் தொடருங்கள், வண்டி வரும் வரை அந்த நிமிடங்கள் வீணாகாது. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்ற விவரமும் கையில் இருக்கட்டும்.

வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் வைக்கும் இடத்தைக் கவனியுங்கள். பைக் சீட்டுக்கு அடியிலும் கார் டேஷ்போர்டிலும் வெயில் ஏறி 45 டிகிரிக்கு மேல் போகும். அப்போது பிரித்துப் போடுகிற டிரெஸ்ஸிங்கே தோலைவிடச் சூடாக இருக்கும். நிழலில், சமையல் மேடைக்கு எதிர்ச் சுவரில், அடுப்பைத் தாண்டிக் கை நீட்டாமல் எடுக்கிற இடத்தில் மாட்டுங்கள். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உறையை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே கொழகொழவென்று நகர வேண்டும். தட்டையாக, தாள் மாதிரி இருந்தால் எங்கோ ஊசித் துளை விழுந்து நீர் போய்விட்டது. நாள் தீர்ந்த உறைகளை எறியாமல் ஒரு சாயங்காலம் எல்லோரும் பார்க்க ஒன்றைப் பிரித்துப் போட்டுக் காட்டுங்கள். எண்ணெய்க் கையால் அந்த அலுமினிய உறையைக் கிழிக்க முடியவில்லை என்பது அப்போதுதான் தெரியும், பெட்டிக்குள் ஒரு கத்தரிக்கோலும் சேரும்.